உப்புக் கணக்கு

படிவத்தில் ஐந்து கேள்வி.
ஒவ்வொன்றுக்கும் மூன்றே விடை:
உயர்வு, நடுத்தரம், குறைவு.
ரெய்க்யவீக்கிலிருந்து தபாலில் வந்தது,
கூடவே ஒரு பென்சில்,
எங்களிடம் பென்சில் இருக்காது என்பதுபோல.

ஸ்கார்வாவீக்கில் நூற்றுப் பன்னிரண்டு பேர்,
குழுவில் ஐவர்.
கூட்டம் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில்.
நால்வர் கழுத்துவரை நீரில், தலைமேல் பனித்தூறல்;
படிவம் நனையாதிருக்க
டிக்கெட் கிழிக்கிற நான் கரையில்.

எந்த வீடென்று கேட்டால் கை நீட்டினால் போதும்:
கடலை ஒட்டி மூன்று மாடி, சிவப்பு நெளிதகரம்
(சிவப்பு என்பது பழைய பேச்சு).
ஹெர்ரிங் வந்த வருஷங்களில்
மீனுக்கு உப்பிட வந்த பெண்கள் உறங்கிய இடம்.
அறைக்கு எட்டுப் பேர், கட்டிலுக்கு இருவர்.
பிறகு மீன் வரவில்லை.
பிறகு வலைகள், ஆட்டுத் தீவனம், காற்று.
இப்போது ஓட்டல் கட்ட ஒரு கம்பெனி,
திமிங்கிலம் பார்க்கக் கண்ணாடி மாடத்தோடு.

கலை மதிப்பு?
"பெட்டிக்கு ஜன்னல் வைத்தது" என்றார்
ஸ்டெய்ன்வோர், கால்நடை மருத்துவர். குறைவு.
அசல்தன்மை?
எழுபத்து நான்கிலேயே ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக். குறைவு.
நிலைமை?
"நான் ஹாரன் அடித்தால் விழும்."
எய்விந்துர் பேருந்து ஓட்டுபவர். குறைவு.
சுற்றுப்புறத்தோடு பொருத்தம்?
படகுக்காரர்களுக்கு அதுதான் அடையாளம். போகட்டும், நடுத்தரம்.
"இடியுங்கள்" என்றார் தச்சர் இங்யால்துர்.
"பலகை நல்ல பலகை. நான் எடுத்துக்கொள்கிறேன்."

ஐந்தாவது, வரலாறு.
அதற்கு உள்ளே போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, மூன்றாம் மாடி.
அழுகல் எவ்வளவென்று பார்க்க
இங்யால்துர் ஓர் அட்டைப் பலகையை நெம்பினார்.
பின்னால் மரச்சுவர் முழுக்கப் பென்சில் கோடுகள்.
நான்கு நிற்க, ஐந்தாவது குறுக்கே.
லௌகா. புர்கா. டீசா. ஆகஸ்ட் 1957.

அதுவரை வாய் திறக்காத போஷெனா,
போலந்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக
மீன் ஆலையில் கிலோக் கூலிக்கு நிற்பவள்,
சுவரில் விரல் வைத்து எண்ணினாள்.
"இது கம்பெனிக் கணக்கில்லை, இவர்கள் கணக்கு.
என்னிடமும் இருக்கிறது,
அலமாரிக் கதவின் உள்பக்கம்."

பீப்பாய்க்கு ஒரு பித்தளை வில்லை;
வாங்கி பூட்ஸுக்குள் போட்டுக்கொள்வார்கள்.
இரவில் பூட்ஸைக் கவிழ்த்தால்
வில்லை சொல்வது ஒன்று, கை சொல்வது ஒன்று.
கீழே, மரம் பள்ளமாகும்படி அழுத்தி:
தோர்கெல் தர வேண்டியது.
பக்கத்தில் கோடுகள். போஷெனா எண்ணினாள். பதினொன்று.

தோர்கெல் அன்றைய மேஸ்திரி.
இங்யால்துரின் தாத்தா.
எல்லோரும் தரையைப் பார்த்தோம்.
அவர் மட்டும் அளவுகோலை நீட்டி,
"அழுகல் இரண்டு அங்குலம்" என்றார்.

உப்பிட்டவர்களை உள்ளளவும் நினைக்க
ஊருக்கு ஒரு சுவராவது வேண்டும்.
படிவத்தில் அதை எழுத இடமில்லை.
அவர்கள் அனுப்பிய பென்சிலாலேயே
"உயர்வு" என்பதில் கோடு போட்டேன்.

மூன்றுக்கு இரண்டு. வீடு தப்பியது.
எய்விந்துர் எதிர்த்தார்; ஓட்டல் வந்தால்
பேருந்துக்கு ஆள் வரும், நியாயம்தான்.
இங்யால்துரும் எதிர்த்தார். காரணம் சொல்லவில்லை.

மே மாதம், பனி உருகியதும்
ஏணியோடு வந்து நின்றார்.
யாரும் கூப்பிடவில்லை.
தகரம் மாற்றினார், ஆணி அடித்தார், சிவப்படித்தார்.
செப்டம்பரில் பில் வந்தது:
பெயின்ட், ஆணி, பத்தொன்பது நாள் கூலி,
ஒரு குரோனா விடாமல்.

குழுவின் பொருளாளர் இப்போது போஷெனா.
தொழிற்சங்கத்துப் பழைய பேரேட்டில்
அந்த வருஷத்துப் பீப்பாய்க் கூலியைத் தேடி
பதினொன்றைக் கழித்துக்கொண்டாள்.
வட்டி போடவில்லை.
இரண்டு சைபர் உதிர்ந்த இன்றைய பணத்தில்
அது ஒரு காப்பிக்குக் காணுமா தெரியாது.

அன்று மாலை இங்யால்துர் குளத்துக்கு வந்தார்.
டிக்கெட் கிழித்தேன்.
வெந்நீரில் கழுத்துவரை, வெகுநேரம்.
பிறகு, யாரையும் பார்க்காமல்:

"பன்னிரண்டு.
சட்டத்துக்கு அடியில் இன்னொரு கோடு இருக்கிறது."